எட்டால் வகுக்க மறந்த காலை

போரா கண்ணே,

இங்கே நானும் அப்பாவும் நலம். ஹெல்சிங்கிக் குளிரில் உன் இருமல் நின்றிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் அரிசியைக்கூடக் களையாமல் கணினியைத் திறந்தேன். யோசு துறைமுகத்து மீன்சந்தைப் பெண்களைத் துரத்தித் துரத்தி எடுத்தேனே, அந்தப் படத்தைக் குறும்பட விழாவுக்கு அனுப்ப இன்று நண்பகல்தான் கடைசி. கோப்பு நாற்பத்தைந்து ஜிகா, நம் இணைப்பு நூறு மெகா, எட்டு நிமிடத்தில் போய்விடும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு சாவகாசமாக விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு அனுப்பத் தொடங்கினால், வேகம் பன்னிரண்டு மெகா, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறது திரை! இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு, நூறுன்னு சொல்லிட்டுப் பன்னிரண்டு குடுக்கிறீங்களே, இது என்ன ஏமாத்துன்னு கத்தினேன். அந்தப் பெண் பாவம், பன்னிரண்டு வந்தா முழுசா வருதுன்னுதாம்மா அர்த்தம் என்றாள்.

அப்போதுதான் நீ எப்போதும் சொல்வது உறைத்தது: அம்மா, எட்டால வகுத்துக்கோ. இணைப்பை விற்பது பிட்டில், கோப்பை அளப்பது பைட்டில், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நாமோ எல்லாவற்றையும் மெகா, ஜிகா என்று வாலை வெட்டியே பேசுகிறோம், வித்தியாசம் அந்த வாலில்தான் இருக்கிறது. கணக்கு டியூஷன் எடுப்பவள் போயும் போயும் வகுத்தலில் விழுந்தேன் பார்!

ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு செருப்பு மாறிப்போட்டபடி முனைவீட்டில் கூ நடத்தும் கணினி விளையாட்டுக் கடைக்கு, அந்தப் பிசி பாங்குக்கு ஓடினேன், அங்கே இணைப்பு ஒரு ஜிகா, நம்முடையதைப்போலப் பத்து மடங்கு. பின்னால் உன் அப்பா, போரா அம்மா, அடுப்புல சூப் கொதிக்குதேன்னு அலறுகிறார். கடைக்காரர் கூ விஷயத்தைக் கேட்டதும், எல்லாரும் ஆட்டத்தை நிறுத்துங்கடா, போரா அம்மா படம் போகுதுன்னு கூவினார். அண்ணே, இந்த ஒரு சண்டையை முடிச்சுக்கிறோம்னு பையன்கள் முனகினார்கள். சண்டையை வீட்ல போய்ப் போடு, இங்க சினிமா என்றார். பச்சைக் கோடு ஏற ஏற எல்லாரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். நண்பகலுக்கு முன்பே ‘பெறப்பட்டது’ என்று வந்ததும் அவர்கள் போட்ட கூச்சலில் நான் அழுதேவிட்டேன். எல்லாருக்கும் என் செலவில் ராம்யோன் நூடுல்ஸ்.

தேர்வாகுமோ, தெரியாது. ஆனால் தெருவில் ஓடும்போது, இந்தப் படம் போகாவிட்டால் நான் எதுவுமே இல்லை என்று தோன்றியது கண்ணே. பொழுதுபோக்குக்கு யாராவது அப்படி ஓடுவார்களா?

நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்துத்துணி இல்லாமல் வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். அப்பாவிடம் பேசும்போது மட்டும் வாயைத் திறந்துவிடாதே, யாரிடமும் இன்னும் சொல்லவில்லை: இந்தப் பருவத்தோடு டியூஷனை விட்டுவிடப் போகிறேன். இனிப் படம்தான்.

உன் அம்மா