எரிந்துகொண்டிருந்த ஹெட்லைட்

பிப்ரவரி 3, 2006. வெள்ளி

காலையில் கடும் பனி. வண்டி சீட் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. துடைக்கத் துணி தேடியதில் பத்து நிமிடம் போயிற்று.

ஹெட்லைட் சுவிட்ச் மறுபடி உருகிவிட்டது. பொங்கலுக்குப் பிறகு இது இரண்டாவது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம் கையிலேயே ஒட்டிக்கொண்டது. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ் முழுவதற்கும் ஒயர்மேன் நான். மோட்டார், ஜெனரேட்டர், பதினெட்டு அறை எல்லாம் என் பொறுப்பு. சொந்த வண்டி சுவிட்சைக் காப்பாற்ற வக்கில்லை. வெட்கக்கேடு.

காரணம் தெரிந்ததுதான். வண்டியோடு வந்த முப்பத்தைந்து வாட் பல்பைக் கழற்றிவிட்டு அறுபது போட்டேன். அவ்வளவு கரண்டும் அந்த நகத்தளவு சுவிட்ச் வழியாகப் போனால் உருகாமல் என்ன செய்யும். ரிலே போட வேண்டும். பாட்டரியிலிருந்து ரிலே வழியாக பல்புக்கு நேர் லைன். சுவிட்ச் ரிலேயை எழுப்பிவிட்டால் போதும். சுமை அதன் தலையில் விழாது.

வாங்க வேண்டியவை: ரிலே 2 (பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று). பியூஸ். தடித்த ஒயர் 3 மீட்டர், சிவப்பு. புது சுவிட்ச். சுமதிக்கு நீல நூல்கண்டு.

காரைக்கால் ஸ்பேர்ஸ் கடைக்காரர் கேட்டார்: "அறுபது வாட்டே ஊரைக் காட்டுமேங்க. அதுக்கு மேல உங்களுக்கு என்னதான் தெரியணும்?"

ரோடு தெரியணும் என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

வெயில். காலை ஒன்பது முதல் இரண்டு வரை வாசலில் வண்டியோடு மல்லுக்கட்டு. முடிந்தது.

பாட்டரியில் 12.6 வோல்ட். பல்பு முனையில் 12.4. வழியில் ஏறக்குறைய ஒன்றும் போகவில்லை. கால் மணி நேரம் எரியவிட்டு சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. பழைய உருகின சுவிட்சைத் தூக்கி எறிய மனம் வராமல் ஆணி டப்பாவில் போட்டேன்.

சாப்பாடு போடும்போது சுமதி, "இனிமே நல்லாத் தெரியும்ல?" என்றாள். தெரியாமல் என்ன என்றேன். மோர் ஊற்றும்போது மறுபடி அதே கேள்வி. என் வேலையில் அவளுக்கு என்ன இவ்வளவு சந்தேகம்.

பிப்ரவரி 6, திங்கள்

லாட்ஜில் மேல் தொட்டி நிரம்பி வழிந்தது. மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும்.

மாலை ஆறேகாலுக்கு, சுமதி தைக்கும் தையல்கடை வாசலில் அவளை ஏற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் நாலு மணி பஸ்ஸில் போய்விடுவாள். ஒரு வருடமாக, பஸ்ஸில் கூட்டம் என்று எனக்காகக் காத்திருக்கிறாள். விழிதியூர் வரை பின்னால் உட்கார்ந்து வருவாள்.

எதிரே வந்த ஒருவன், "டிம் பண்ணுய்யா, கண்ணு கூசுது" என்று கத்திவிட்டுப் போனான். காதில் தேன்.

ஆனால் மதகு தாண்டி ஒரு பள்ளம். தூக்கிப் போட்டது. அத்தனை வெளிச்சத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் வெளிறிய ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒன்றும் இல்லை. போக்கஸ் கோணலாக இருக்கும்.

சுமதி வேறு தோளைத் தட்டிக்கொண்டே வருகிறாள். இடது பக்கம் ஏதாவது இருந்தால் இடது தோளில், வலது பக்கம் என்றால் வலது தோளில். எப்போது ஆரம்பித்தாள் இந்தப் பழக்கத்தை?

பிப்ரவரி 8, புதன்

போக்கஸை மூன்றாம் முறை திருப்பினேன். அதே வட்டம்.

வரும்போது சுமதி நாலு தடவை தட்டினாள். ஒரு நாய், ஒரு சைக்கிள், மற்றது என்னவென்று தெரியாது. வீட்டு வாசலில் வெடித்துவிட்டேன். "தட்டாதே. தட்டி ஓட்ட நான் என்ன வண்டி மாடா?"

"சரிங்க. இனிமே தட்டல."

சாப்பாட்டில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

நேற்று எழுதவில்லை. 

நேற்று மாலை ஆறரை. அறுப்பு முடிந்த வயல் ஓரம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், சாலையில் பாதியை அடைத்து நின்றிருந்தது. நேராகப் போய் முட்டினேன். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. சுமதிக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரம் துணி தைக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: "லைட்டு பட்டுன்னு அணைஞ்சிடுச்சு. இவரு என்ன பண்ணுவாரு."

அணையவில்லை. வண்டி சாய்ந்து கிடந்தபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் வைக்கோல் தாள் தாளாகத் தெரிந்தது. முட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பிப்ரவரி 11, சனி

லாட்ஜில் கூட்ட நாள். லீவு சொன்னேன். மேனேஜர் போனில், "ஒயர்மேன் வண்டியிலயே லைட்டு போயிடுச்சா?" என்று சிரித்தார். ஆமாங்க என்றேன்.  நான் போட்ட ரிலே அப்படிப் போகாது.

மதியம் மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டரி, பியூஸ், இரண்டு ரிலே, சுவிட்ச், எர்த். ஒவ்வொரு முனையாக. பல்பில் 12.4. ஞாயிற்றுக்கிழமை இருந்த அதே 12.4. வண்டியில் ஒரு குறையும் இல்லை. இனிப் பார்க்க என் கண் ஒன்றுதான் பாக்கி.

அப்பா நாற்பது வயதுக்கு மேல் பொழுது சாய்ந்தால் வெளியே போகமாட்டார். சோம்பேறி என்று பேசிக்கொண்டோம். எனக்கு நாற்பத்திரண்டு.

சுமதியிடம் கேட்டேன், பஸ்ஸில் நிஜமாகவே கூட்டமா என்று. 

"ஒரு வருசமா எனக்குத் தெரியும்ங்க. நம்ம வாசப்படியிலயே ரெண்டு வாட்டி தடுமாறுனீங்க. சொன்னா கோவம் வரும்."

"அன்னிக்கு ஏன் தட்டல?"

"தட்டாதேன்னீங்க. ஒருவேளை தெரிஞ்சுதான் போறீங்களோன்னு இருந்துட்டேன். கிட்டக்க வந்ததும் கைய எடுத்தேன். அதுக்குள்ள..."

அழுதேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

சுமதியின் தம்பி குமார் சாயங்காலம் கோவில்பத்திலிருந்து வருவதாகத் தகவல். வண்டியைக் கழற்றிப் பார்க்கப் போகிறானாம். அக்கா கையை உடைத்த வண்டி என்று கோபம். ஒயரிங் ஓரளவு தெரிந்தவன். ஏமாற்ற முடியாது.

ஆணி டப்பாவிலிருந்து உருகின சுவிட்சை எடுத்தேன். மாட்டிவிட்டால் பத்து நிமிட வேலை. சுமதி சொன்னது உண்மையாகிவிடும். லாட்ஜில் கரண்ட் போவதும் என்னைக் கூப்பிடுவதும் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். பார்வை இல்லாத ஒயர்மேனை யார் வைத்துக்கொள்வார்கள்? சுமதிக்கும் ஆறு வாரம் வேலை இல்லை.

ஒரு ஸ்குரூவைக் கழற்றினேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். இதை மாட்டினால் நாளைக்கும் நான் வண்டி ஓட்டுவேன். அவளும் பின்னால் ஏறி உட்காருவாள். ஏறமாட்டேன் என்று சொல்லவே மாட்டாள். ஸ்குரூவைத் திரும்ப முடுக்கினேன்.

குமார் ஆறு மணிக்கு வந்தான். வந்ததும் ஸ்குரூடிரைவரைக் கேட்டான். நான் சாவியைப் போட்டு லைட்டைப் போட்டேன். எதிர்ச்சுவர் பளிச்சென்றது.

"நல்லாத்தானே எரியுது அத்தான்?"

"சுவிட்சு நல்லா இருக்கு. அன்னிக்கும் லைட்டு அணையல. எனக்குத்தான் பொழுது சாஞ்சா கண்ணு தெரியல, குமாரு."

அவன் அக்காவைப் பார்த்தான். சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். சாவியை நானே அவன் கையில் கொடுத்தேன். நாளைக் காலை கண் டாக்டரிடம் கூட்டிப்போக வருகிறானாம். மேனேஜரிடம் என்ன சொல்வது, தெரியவில்லை.

வண்டியை அவன் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். தெருமுனை வரை கூடவே நடந்து வழியனுப்பினோம். "ரோடு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். "பகல் மாதிரி இருக்கு அத்தான்" என்றான்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. சுமதி நல்ல கையால் என் இடது தோளைத் தட்டினாள். வலப்பக்கம் ஒதுங்கி நடந்தேன். என்ன இருந்தது என்று கேட்கவில்லை.