ஆறு பேரும் ஓடினோம்

ஏழாயிரம்பண்ணை
திங்கட்கிழமை

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. நீ கரக்பூர் ரயில்வே வாலிபால் டீமில் நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது கேட்காமலே தெரிகிறது, நன்றாக இல்லாதவன் போனில் அப்படி ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பியிருக்க மாட்டான். மூன்று நாளாக நீ போன் போட்டும் நான் எடுக்காததற்கு அதுதான் காரணம். எடுத்தால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும், பெற்ற பிள்ளையைத் திட்டிவிட்டுப் பட்டாசுக் கம்பெனி ஷெட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சரம் பின்ன முடியாது. அதனால் எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஒரு வரி விடாமல் படி.

அப்பா கம்பெனி வேன்தான் இன்னும் ஓட்டுகிறார், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே நாறுகிறது. உன் தங்கச்சி செல்வலட்சுமிக்கு இது ஏழாம் மாதம், வளைகாப்புக்கு உன்னால் வர முடியாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டோம்.

நீ அனுப்பிய பயிற்சியால்தான் எங்கள் வாலிபால் டீமே உருவானது, அதை நான் மறைக்கவில்லை. முக்காலியில் உட்காரப் போகிற மாதிரி முட்டியை மடக்கி நில்லுங்கள், இரண்டு முன்கையையும் சேர்த்துப் பந்தைச் சுவரில் அடித்து நூறு தடவை வாங்குங்கள், காலிச் சாக்கை விரித்துப்போட்டு சர்வீஸ் அதன்மேல் விழுகிற வரை விடாதீர்கள், மூன்று பேர் முக்கோணமாக நின்று பந்து யாருக்கோ அவள் ‘நான்’ என்று கத்தி எடுக்கட்டும் என்று வீடியோ வீடியோவாக அனுப்பினாய். நாற்பது வயசுப் பொம்பளைகள் தெருவில் கத்துவதா என்று முதலில் கூசினோம், பிறகு நாங்கள் கத்திய கத்தலில் கோழிகூட அந்தப் பக்கம் வரவில்லை. விரலால் தூக்கிக் கொடுக்கிற பாஸ்தான் வரவே மாட்டேன் என்றது. பட்டாசு மருந்தைத் தட்டாதே, உரசாதே, பொத்தென்று போடாதே என்று இருபது வருஷம் கேட்டுக் கேட்டுப் பழகிய கை, பந்து வந்தால் பச்சைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி உள்ளங்கையில் வாங்கிப் பைய இறக்கும், உடனே அம்பயர் விசில் அடித்து ஹோல்டிங், பந்தைப் பிடித்துவிட்டாய் என்பார். இட்லிச் சட்டியைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட மாதிரி கையை வெடுக்கென்று எடுங்கள் என்று நீ சொன்ன பிறகு, இரண்டு மாதத்தில் அந்தக் கைப்பழக்கத்தை மாற்றினோம். எங்களில் வெள்ளைத்தாய்தான் சீக்கிரம் பிடித்துக்கொண்டவள், அவள் சர்வீஸ் போட்டால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேதான் நிற்கும்.

இனி விருதுநகரில் நடந்ததைக் கேள். தொழிலாளர் மகளிர் போட்டி, இறுதி ஆட்டம், கடைசி செட்டில் நாங்கள் பதினான்கு, அவர்கள் பதின்மூன்று. ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை எங்களுக்கு. அவர்கள் அடித்த பந்து மேலே ஏறி வருகிறது, அது வெளியேதான் விழும் என்று எங்கள் முதலாளி காசிராஜன் மகன் தருண்குமார் தானாகவே முடிவுகட்டிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் வாலாவைக் கொளுத்தினான். முதல் வெடி காதில் விழுந்ததுதான் தெரியும். யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஆறு பேரும் ஓடினோம். நின்று திரும்பியபோது மைதானத்துக்கு வெளியே ரோட்டில் நிற்கிறேன், காலில் ஒரு பக்க ஷூ இல்லை. பந்து எங்கள் கோட்டுக்குள் நடுவில் விழுந்து கிடக்கிறது, அவர்களுக்குப் பாயிண்ட் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த இரண்டு பாயிண்டையும் விட்டோம். தோற்றோம்.

தோற்றதைப் பற்றி ஒன்றுமில்லை. கூட்டம் சிரித்தது பார், அதற்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. எங்கள் முதலாளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அவர் மகன், பட்டாசுக்காரிகளே பட்டாசுக்குப் பயந்து ஓடுறாக என்று அதைப் படம்பிடித்துப் பாட்டுப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புகிறான். வெடித்த சரம் நாங்கள் பின்னியது, சிரிப்பு அவர்களுக்கு. சீ, என்ன பிறவிகள் என்று இருந்தது. ஆனால் அவர்கள் சிரிப்பார்கள்தான், ஷெட்டுக்குள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்களா அவர்கள். நீ சிரித்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எங்கள் டீம் குரூப்பில், எல்லாரும் பார்க்க, ஓட்டப்பந்தயத்தில் வெள்ளைத்தாய் அத்தைக்குத்தான் முதல் பரிசு என்று எழுதி, வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டாயே. அவள் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்று உனக்குத் தெரியாதா? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஷெட்டில் பக்கத்து அறையில் தீப்பிடித்தபோது அவளும் அவள் அக்காவும் ஒன்றாகத்தான் ஓடினார்கள், அக்கா சோத்துச் சட்டியை எடுக்கத் திரும்பினாள், இவள் திரும்பவில்லை. அந்தக் காரியத்துக்கு நீயும்தானே லீவு போட்டு வந்து பந்தலில் நின்றாய். ரயில்வேச் சோறு உனக்கு அதையெல்லாம் மறக்கடித்துவிட்டதா?

உன் எழுத்தைப் பார்த்த அன்றிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன், ஓடுனதுக்கு எனக்கு வெக்கம் இல்ல மதினி, நம்ம பிள்ளையே சிரிச்சிட்டானேன்னுதான் இருக்கு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு உன்னைப் பெற்ற வயிறு கூசியது.

இதற்கு நடுவில் போன சனிக்கிழமை தருண்குமார் இரண்டு பெட்டி சரத்தோடு வந்தான். இரண்டாவது வந்த அணியும் மதுரைப் போட்டிக்குப் போகலாமாம். இனிமே தெனமும் சரம் வெடிக்க வெடிக்கத்தான் ப்ராக்டிஸ், பத்து நாள்ல பயம் தெளிஞ்சிரும், ஒங்க மகனும் அதான் சொல்றாரு என்று உன் மெசேஜைக் காட்டினான். படித்தேன். சத்தத்துக்குப் பழக்குவது நல்ல பயிற்சிதான் என்று எழுதியிருக்கிறாய். கேட்டுக்கொள் மாரிக்கண்ணா, கைப்பழக்கத்தை மாற்றச் சொன்னாய், மாற்றினோம். இந்தக் கால்பழக்கத்தை மாற்ற மாட்டோம். இன்றைக்குச் சரத்துக்கு நிற்கப் பழகிய கால் நாளைக்கு ஷெட்டில் வெடித்தாலும் நிற்கும். இதையேதான் அவனிடம் சொன்னேன். அப்ப கம்பெனி ஜெர்சியைக் கழட்டிக் குடுத்துருங்க என்றான். துவைத்து மடித்துக் கொடுத்தாயிற்று. வேலைக்குச் சேலைக்கு மேலே போடுகிற ஆம்பளைச் சட்டையோடேயே மதுரைக்குப் போவோம், விரட்டினால் விரட்டட்டும்.

நேற்று வெள்ளைத்தாய் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் கூடினோம். நானே ஒரு பயிற்சி வைத்தேன். நான் விசில் அடித்தால், பந்து எங்கே இருந்தாலும் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் ஓட வேண்டும், எதையாவது எடுக்கத் திரும்புகிறவள் அவுட். மூன்றாவது விசிலுக்குப் பொன்மணி புதுச் செருப்பை எடுக்கத் திரும்பினாள். ஏட்டி பொன்மணி, திரும்பாத, ஓடு என்று ஒரு குரல், அடிவயிற்றிலிருந்து. பார்த்தால் வெள்ளைத்தாய், தலைகூட முடியாமல் சுவருக்கு மேலே எட்டி நிற்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு வெளியே வந்து அந்தச் செருப்பைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, இன்னொருக்க விசில் அடி மதினி, நானும் ஓடுறேன் என்றாள். நேற்று நாங்கள் பந்தைத் தொடவே இல்லை, வேர்த்து ஒழுகுகிற வரை ஓடிக்கொண்டே இருந்தோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை, தோள்பட்டைக்கு ஒத்தடம் கொடு. மாரியம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருப்பாள், என் ஆசீர்வாதத்துக்கும் குறைவில்லை. எழுதியதை அழித்துவிட்டேன் என்று என்னிடம் சொல்ல வேண்டாம், அழித்தால் போகிறதா அது? முதலில் வெள்ளைத்தாய்க்குப் போன் போடு. அவள் உன்னோடு பேசினால், நானும் பேசுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. இருளம்மாள்