உன் ரத்தம் ஊறிய நாள்

அண்ணா,

குன்னூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் மகள் செல்வி உள்ளே இருக்கிறாள். சற்றுமுன் ஒரு நர்ஸ் ஸ்பிரிட் தொட்ட பஞ்சோடு என்னைத் தாண்டிப் போனாள். அந்த வாசம் பட்டதும் என் இடது கை தானாக மடங்கிக்கொண்டது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

எனக்கு ரத்தப் புற்றுநோய், ஸ்டெம் செல் மாற்றினால்தான் பிழைப்பேன் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னதும், "எங்கிட்ட எடுத்துக்கோங்க" என்று சட்டைக் கையைச் சுருட்டினாய். நீ பி பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். குரூப் வேறானாலும் மற்ற பொருத்தம் இருக்கிறது, போதும் என்றார்கள். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிற உனக்கு, ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்க நாலு மணி நேரம் மெஷினோடு அசையாமல் படுத்திருந்ததுதான் பெரிய கஷ்டமாம்.

அதை எனக்குள் ஏற்றிய பிறகு வெள்ளணு ஏறியது. தட்டணுவும் ஏறியது. சிவப்பணு மட்டும் ஏறவில்லை. மூன்று மாதம் கழித்து நம் ஊர் கீழ் கோத்தகிரிக்குத் திரும்பிய பிறகும் வாரம் தவறாமல் என்னைக் கோத்தகிரி லேபுக்குக் கூட்டிப்போனாய். ஹீமோகுளோபின் ஏழு. மறுவாரம் அதற்கும் கீழே. ரத்தம் ஏற்றினால் கொஞ்ச நாள் நடமாடுவேன்; பிறகு வாசல்படி ஏறவே மூச்சு வாங்கும்.

ஒரு நாள் லேப் வாசலில் பீடிக்கட்டைச் சாக்கடையில் வீசினாய்.

"ஏண்ணா?"

"என்ற ரத்தந்தான் சரியில்லையோ என்னமோ, அம்மிணி. இத்தனை வருசம் இழுத்த புகை."

டாக்டரிடமும் கேட்டுவிட்டாய். "ஏனுங்க டாக்டர், என்ற ரத்தம் இவளுக்கு ஒத்துக்கலீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "உங்க ரத்தத்துல குறை இல்லைங்க. இவங்க உடம்புல பழைய எதிர்ப்பு மிச்சம் இருக்கு. உங்க குரூப் சிவப்பணு முளைக்க முளைக்க அழிச்சிருது. அது ஓயணும். இளம் சிவப்பணு எப்ப ஏறுதுன்னு பார்த்துட்டே இருக்கணும்."

அதன்பின் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைத்தான் தேடுவாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அதை விளக்குவாய்.

அது ஏறிய நாளில் நல்ல மழை. காகிதத்தைச் சட்டைக்குள் வைத்து ஓடிவந்து, "முளைச்சிருச்சு அம்மிணி!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். சில மாதங்களில் என் குரூப்பும் பி பாசிட்டிவ் ஆனது.

போன ஐப்பசியில் பாக்டரி வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பிறகு எழவில்லை.

இன்று காலை செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. "பி பாசிட்டிவ் யாராச்சும் இருக்கீங்களா?" என்று நர்ஸ் ஓடிவந்தாள். நான்தான் முதலில் எழுந்தேன்.

"நான் இருக்கேனுங்க. இது அவ அப்பா ரத்தமுங்க."

விவரம் கேட்டவள் என் தோளைத் தொட்டாள். "ரத்தப் புற்றுநோய் வந்தவங்ககிட்ட எடுக்கக் கூடாதுங்க்கா."

உன் ரத்தம் எனக்குள் ஓடியும் உன் மகளுக்கு ஒரு பை கொடுக்க முடியவில்லை, அண்ணா. என் நோயின்போதுகூட நான் அப்படிக் கலங்கியதில்லை. உன்னோடு லாரி ஓட்டிய இரண்டு பேர் மலையேறி வந்து கொடுத்தார்கள். மதியத்துக்குள் ரத்தப்போக்கு நின்றது.

கண் விழித்த செல்வி தன் வெளுத்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "அத்தே, எனக்கு எப்ப ரத்தம் ஊறுமுங்க?" என்றாள்.

"ஊறும் அம்மிணி," என்றேன். "வாரா வாரம் நானே உன்னை லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன்."