மிக்சி ஸ்விட்சில் ஒரு சிவப்பு அட்டை

வட்டம் 18, நெய்வேலி
3.8.2014

அன்புள்ள பட்டு,

நான் நலம். நீயும் எழில்மதியும் உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பீர்கள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் கத்திவிடுவேனோ என்று எனக்கே பயம். அதனால்தான் கடிதம்.

பாண்டிச்சேரி டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேனே, அப்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையில் அடிபட்டிருக்கிறதாம். கோபத்தை அடக்க, சொன்னதை மனதில் வைத்திருக்க, நாளைக்கு என்ன என்று யோசிக்க, எல்லாவற்றுக்கும் அந்த இடம் வேண்டுமாம். "பிரேக்தான் தேஞ்சிருக்கு, இஞ்சின் நல்லாத்தான் இருக்கு" என்றார். பழக்கினால் ஓரளவு தேறுமாம். வேலையில் சேர்ந்த முதல் நாள் ஷிப்டில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றும் சொல்வேன். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறேன். போன மாதம் மூன்று பாத்திரம் கருகிவிட்டது.

போகும்போது என் வேலைப் பையிலிருந்த சிவப்பு அட்டையை மிக்சி ஸ்விட்சில் மாட்டிவிட்டுப் போனாய். 'ஆள் வேலை செய்கிறார், ஸ்விட்சைப் போடாதே.' சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் பழுது பார்க்க இறங்கும்போது நாங்கள் மாட்டுவது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதனால் நான் தொடவில்லை. நான்கு மாதமாக வீட்டில் சட்னி கிடையாது.

வந்துவிடு, பட்டு.

கொளஞ்சிநாதன்

*

காடாம்புலியூர்
9.8.2014

எழில் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விழுந்த பிறகுதான் நீங்கள் இப்படி ஆனீர்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அடிபட்டது உங்களுக்கு, நடுங்குவது எழில். மிக்சி சத்தம் பொறுக்கவில்லை என்று ஜாரைத் தூக்கி எறிந்தீர்கள். அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டது. இங்கே அக்கா மிக்சி போட்டால் இன்னமும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முந்திரித் தோப்புக்குப் போய்விடுகிறாள்.

டாக்டர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் பிரேக் பிடிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டிப் பார்க்க என் பிள்ளைதான் கிடைத்தாளா? பத்தாம் வகுப்பையும் இங்கேயே முடிக்கட்டும் என்று அக்கா சொல்கிறாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

பால் வைத்தால் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

எழில்மதியின் அம்மா

*

நெய்வேலி
14.8.2014

அன்புள்ள பட்டு,

நீ கேட்டது நியாயம். எழில் அங்கேயே படிக்கட்டும். உனக்கு மனம் வரும்வரை காத்திருக்கிறேன். உன் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கோபம் வந்தால் பேசாமல் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதியதை மறுநாள் படித்துப் பார்த்து, கிழித்துவிட்டு, வேறு எழுத வேண்டும். அப்படித்தான் செய்கிறேன். பால் வைத்தால் ஸ்டூல் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். இந்த வாரம் ஒரு பாத்திரமும் கருகவில்லை.

கொளஞ்சிநாதன்

*

காடாம்புலியூர்
20.8.2014

அன்புள்ள எழில் அப்பாவுக்கு,

மறதிக்காரரே, உறையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. கிழிக்க வேண்டியதையும் சேர்த்து மடித்து அனுப்பிவிட்டீர்கள்.

முதலில் என் கையில் வந்தது பதின்மூன்றாம் தேதி எழுதியது. 'உன் அக்காதான் உன்னைக் கெடுக்கிறாள். என் பிள்ளையை எனக்கு இல்லாமல் செய்யப் பார்க்கிறீர்களா? நேரில் வந்து இழுத்துக்கொண்டு போவேன்.' பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. பிறகு மற்றதைப் படித்தேன். அந்த வரிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அக்காவுக்கு வணக்கம்கூட இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? பிரேக் பிடித்ததைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அழுதுவிட்டேன்.

எழிலிடமும் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள். அப்புறம், "போவலாம்மா. ஆனா மிக்சிய நான்தான் போடுவேன். அப்பா பக்கத்துல நின்னுகினு இருக்கட்டும், பாக்கறேன்" என்றாள்.

31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறோம், அழைத்துப்போக வாருங்கள். ஞாபகப்படுத்தப் போன் செய்ய மாட்டேன்.

உங்கள் பட்டு

*

நெய்வேலி
24.8.2014

அன்புள்ள பட்டு,

காலண்டரிலும் கண்ணாடியிலும் பால் பாத்திரத்து மூடியிலும் '31, பத்து மணி, வடலூர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்படியும் மறந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கும் பீர் முகமது பாயிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். "பொண்டாட்டி வர்ற நாள எவனாவது மறப்பானா?" என்று சிரித்தார். "நான் மறப்பேன் பாய்" என்றேன். நான் அங்கே இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடாதே. சாவியை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வா.

சத்தம் தாங்க முடியாமல் போனால், சொல்லிவிட்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். எழிலிடம் இப்போதே சொல்லிவை. இனிமேல் எழுந்து வெளியே போக வேண்டியது நான்தான், அவள் இல்லை.

தேங்காய் வாங்கி வைத்துவிட்டேன். அட்டையை நீ கழற்று. ஸ்விட்சை அவள் போடட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

உன் கொளஞ்சிநாதன்

பி.கு.: உறைக்குள் துழாவாதே, இன்னொரு தாள் இல்லை. முதலில் எழுதியதே இதுதான்.