வெறுங்கையில் விழுந்த பந்து

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். இடது கையால் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

போன வார ஞாயிறு, நான் வேலை பார்க்கும் கிடங்கு ஆட்களோடு பேஸ்பால் ஆடினேன். பந்தைத் தட்டிவிட்டு, கிரிக்கெட் பழக்கத்தில் ஓடாமல் நின்றேன். இங்கே தட்டினாலே ஓட வேண்டுமாம். அவுட்!

"என்னப்பா, நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிக்கிற?" என்று மேற்பார்வையாளர் வாரம் முழுக்கச் சிரித்தார். நானும் கறுவிக்கொண்டே மூட்டை அடுக்கினேன்.

நேற்று மறுபடி ஆடியபோது அவர் ஓங்கி அடித்த பந்து என்னிடம் வந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையால் பிடித்தேன். "கம்பத்துக்குக் கையும் இருக்கு சார்" என்றேன். ஊரில் நான் கேட்ச் பிடித்தால் நீங்கள் அடிக்கும் விசிலுக்காகத் திரும்பிப் பார்த்தேன், அப்பா.

அம்மாவிடம் சொல்லாமல் தைலம் அனுப்புங்கள். வலது கை வீக்கம் சீக்கிரம் வடிய வேண்டும். அடுத்த ஞாயிறு அவருக்குப் பந்து வீசப்போவது நான்தான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் சின்னவன்