மலைக்குப் போகும் பை

ஆடி 23, வெள்ளி

காலையில் தூறல். கூழுக்கு மாவு கரைத்தாயிற்று. வேப்பிலை கிடைத்தது. கல் உப்பு இரண்டு பாக்கெட் வாங்கினேன், அடுப்படியில் ஒன்றுதான். இவரைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் தெரியாது என்றார். வெள்ளிக்கிழமை உப்பு வீட்டை விட்டுப் போகக் கூடாது. யாருக்குக் கொடுத்தார்? தீப்பெட்டியும் குறைகிறது.

ஆடி 25, ஞாயிறு

மழை விட்டது. துணி காயப்போட மாடிக்குப் போனால் ஒரே புகை. ஈர விறகை வைத்து இவர் ஊதிக்கொண்டிருக்கிறார். கண் சிவந்து. பக்கத்தில் தார்ப்பாய், நைலான் கயிறு, மெழுகில் முக்கிய தீக்குச்சிகள். கொசு விரட்டுகிறாராம். நம்பவில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து போனில் காடு, மலை, கரண்ட் இல்லாத குடிசை, இதே வீடியோதான். சாமியாராகப் போகிறாரோ? தாயே, நீதான் பார்க்கணும்.

காஸ் பதிய வேண்டும்.

ஆடி 27, செவ்வாய்

கள்ளிக்குப்பம் கோயில். எலுமிச்சை விளக்கு. திரும்பும்போது எங்கள் கேட்டருகே டில்லி இவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்பத்தூர் கம்பெனியில் இவரோடு வேலை பார்த்தவர், இப்போது கொடைக்கானலுக்கு மேலே நிலம் வாங்கிக் குடிசை போட்டிருக்கிறார். நான் வந்ததை இருவருமே பார்க்கவில்லை. மழைக்காலத்தில் அட்டை காலில் ஏறுமாம், உப்பு நிறைய வேண்டுமாம். ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் வயிறு போய்விடுமாம். ஆஸ்பத்திரிக்கு இறங்கவே அரை நாள்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா மாமே?"

"கெளம்பசொல்லோ சொல்லிக்கலாம்டா."

"அட்ட கடிச்சா உப்பு கீது. அக்கா கடிச்சா இன்னா கீது உன்னாண்ட?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டேன். என்னை விட்டுவிட்டுத்தான் போகிறார். சாம்பாரில் புளி அதிகம். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுவும் சந்தேகம்தான்.

ஆடி 28, புதன்

வெயில். இவர் கடைக்குப் போன நேரம், கட்டிலுக்கு அடியில் இருந்த பையைத் திறந்தேன். உப்பு. தீக்குச்சி. தார்ப்பாய். அதற்கும் அடியில் என் ஸ்வெட்டர். என் சர்க்கரை மாத்திரை, இரண்டு மாதத்துக்கு. பூஜை அலமாரியில் இருந்த சின்ன அம்மன் படம்கூட.

வந்தார். திறந்த பையைப் பார்த்தார். நாளைக் காலை வண்டி என்றார்.

"உன்ன உட்டுட்டு நான் மட்டும் எங்க போவேன்?"

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ஸ்வெட்டர், மாத்திரை, அம்மன், மூன்றையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்தேன். உப்பை அவர் பையிலேயே விட்டுவிட்டேன். நாளைக்கு வியாழன்தான், வெள்ளி இல்லை. வீட்டை விட்டுப் போகலாம்.