உப்புத்தண்ணிப் பெட்டிக்கு வச்ச தேன்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே கிழக்குத் தாம்பரம் கிளினிக். சுகர் 290. டாக்டர் இன்சுலினைக் கூட்டிட்டார். "ஊசி உங்களுக்குக் கேக்கவே மாட்டேங்குதே." நல்ல பிள்ளையா முழிச்சேன். பையில ஜாங்கிரி இருந்துச்சு.

வேலைக்கு வந்தா, காலேஜ் பூச்சி ரூமுல ஜோசலினும் ஊசியோட நிக்கிறா. பி.எச்டி. பண்ற பொண்ணு. பொட்டை அந்துப்பூச்சிக்கு இன்சுலின் போடறாளாம். அதுங்க உடம்புலயும் அந்த மாதிரி ஒண்ணு ஊறுதாம். அது இருந்தாத்தான் வயித்துல முட்டை பிடிக்குமாம். "அதுக்கு யாரும்மா ஜாங்கிரி குடுத்தா?"ன்னேன். சிரிக்கல.

ரெண்டு பெட்டி. ஒண்ணுக்கு இன்சுலின் ஊசி, இன்னொண்ணுக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசி. ரெண்டுக்கும் குடிக்கத் தண்ணி மட்டும். மத்த பூச்சிக்கெல்லாம் தேன்தண்ணி வைக்கிறது என் வேலை.

ஜூலை 5, சனி

உப்புத்தண்ணிப் பெட்டிப் பூச்சிங்க சோர்ந்து கெடக்கு. குத்தும் வாங்கிக்கினு, மருந்தும் இல்ல, தேனும் இல்ல – இன்னா நியாயம் இது? புதுசா ஜோடி சேந்த பொண்ணுங்க வேற. பஞ்சுல தேன் நனைச்சு உள்ள வச்சேன்.

ஜூலை 8, செவ்வாய்

ரெண்டு பெட்டியிலயும் முட்டை ஒரே அளவு. அம்மாக்காரிங்க வயித்து முடியைப் பிச்சு முட்டை மேல போத்தியிருக்காளுங்க, கம்பளி மாதிரி. நான் ரசிக்கிறேன், ஜோசலின் அழுவறா.

"இன்சுலின் ஒண்ணுமே செய்யலக்கா. வெள்ளிக்கிழமை கைடு தேவானந்தம் சார் கேப்பாரு. வேற தலைப்பு எடுன்னுடுவாரு. ரெண்டு வருஷம் போச்சு."

தேன் விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா வேலை போயிடுமே. வூட்டுக்கு வந்து ரெண்டு ஜாங்கிரி.

ஜூலை 9

மாதா படத்து முன்னாடி நின்னேன். பூச்சிக்குத் தேன் வச்சது எந்தக் கட்டளையில வருதுன்னு தெரியல.

ஜூலை 10, வியாழன்

சொல்லிட்டேன். சார் முன்னாடியே.

"தேனா?"ன்னாரு சார். "தேன் குடிச்சா அதுங்க உடம்பே இன்சுலினைக் கூட்டிக்கும். நீங்க கண்ணுக்குத் தெரியாத ஊசி போட்டிருக்கீங்க, அருள்மேரி."

வேலை போகல. பூச்சி ரூம் சாவி போச்சு. இனிமே எனக்குப் புழுவுக்கு ஆமணக்கு இலை பறிக்கிறது மட்டும். ஜோசலின் மறுபடி முதல்லேருந்து செய்யணும். என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்சுலின் பெட்டியில முட்டை எண்ண முடியாம கெடக்கு. உப்புத்தண்ணிப் பெட்டியில நூறு தேறல. ஜோசலின் சாவியை என் கையில வச்சா. "தேன் பாட்டில் என் பீரோவுல இருக்கு. தேடாதீங்கக்கா." ஒரு மாசத்துல முதல் பேச்சு.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிளினிக். சுகர் 310. இன்னும் கூட்டலாம்னு டாக்டர் பேனாவை எடுத்தார்.

"ஊசி மேல தப்பில்ல சார்"னு சொல்லி, பையிலேருந்து ஜாங்கிரிப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல வச்சேன்.